ஊர்ப் பெயரைச் சொல்ல வெட்கப்படும் பிள்ளைகளும் ஒரு பியானோக்காரரும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 8 பிள்ளைகளுக்கு ‘எனது ஊர்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தோம். நாங்கள் என்று சொல்வது, புத்தளம் மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் மூன்று பேரையும்தான். கொப்பிகள் மேசைக்கு வந்தன. திருத்தத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் சிவப்புப் பேனையை வைத்துவிட்டோம். பாதிக்கு மேல் ஒரே கட்டுரை. எனது ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர், அங்கே மலைகள் உண்டு, நதி வளைந்து ஓடும், மயில் ஆடும். எங்கள் பக்கத்தில் மலை எங்கே இருக்கிறது? இங்கே இருப்பது உப்பளம், களப்பு, தென்னந்தோட்டம், மீன் வாடை. பிள்ளைகள் பயிற்சிப் புத்தகத்தில் இருந்த ஊரை எழுதியிருந்தார்கள்.

ஒரு மகன் மட்டும் தலைப்பை எழுதி, அதன் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, மீதியை வெறுமையாக விட்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டோம்.

“எங்கட இடத்தில எழுத என்ன சேர் இருக்கு? கேம்ப் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க.”

அவனுடைய வாப்பப்பா 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்தவர். இரண்டு மணித்தியால அவகாசம், கையில் அகப்பட்டது மட்டும். அவனுடைய வாப்பா கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர். இவன் பிறந்தது கல் வீட்டில், தார் போட்ட ஒழுங்கையில். கொட்டில் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. கேம்ப் என்ற பெயர் மட்டும் போகவில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் “கேம்ப் இறங்குங்க” என்று கத்தினால் எங்கள் பிள்ளைகள் ஒரு ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்து வருவார்கள். இது எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவரும் 1990இல் உம்மாவின் இடுப்பில் இருந்து வந்தவர்தான். நாங்களும் அப்படித் தள்ளி இறங்கியவர்கள்தான்.

அன்று இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருவர் கைபேசியில் யூடியூப்பைத் திறந்து, “இதைக் கொஞ்சம் கேளுங்க” என்று வைத்தார். பியானோ. மெதுவாக, சின்னப் பிள்ளை சைக்கிள் ஓட்டுவதுபோல ஆடி ஆடி ஒரு மெட்டு. பிறகு சக்சபோன் வந்து சேர்ந்தது. பாட்டு என்று பெயருக்கு ஒரு வரியும் இல்லை. பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் போகிறது. முடிந்ததும் அவர் சொன்னார்: “இது ஒரு கேம்ப்புட பேர்.”

அந்த மெட்டின் பெயர் ‘மனன்பேர்க்’. வாசித்தவர் அப்துல்லாஹ் இப்ராஹிம். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்காரர். இந்தப் பதிவு அவரைப் பற்றியும், அவரிடமிருந்து ஆசிரியர்களாகிய நாங்கள் என்ன படிக்கலாம் என்பதைப் பற்றியும்.

முதலில் ஒரு விடயத்தை ஓரமாக வைத்துவிடுகிறோம். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு நாங்கள் வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள், அதில் அவரவர் நிலைப்பாடு அவரவருக்கு. இந்தப் பதிவைப் படிக்க நீங்கள் எதையும் கேட்க வேண்டிய அவசியமில்லை. ஒரு மனிதர் தன் ஊரை எப்படி உலகத்துக்குச் சொன்னார் என்பதுதான் இங்கே விடயம்.

அவர் 1934 ஒக்டோபர் 9ஆம் திகதி பிறந்தவர். பிறக்கும்போது வைத்த பெயர் அடொல்ஃப் யொஹானஸ் பிராண்ட். வளர்ந்தது கேப் டவுனில் கென்சிங்டன் என்ற பகுதியில். வாப்பும்மாவோ உம்மும்மாவோ என்று நாம் சொல்கிற இடத்தில் இருந்த ஒரு பாட்டி, தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். ஏழு வயதில் பிள்ளையும் பியானோ பழகத் தொடங்கியது. வாலிபத்தில் துறைமுகத்துக்குப் போய், கப்பலில் வரும் அமெரிக்கர்களிடம் டொலர் கொடுத்து ஜாஸ் இசைத்தட்டு வாங்குவாராம். அதனால் கூட்டாளிமார் வைத்த பெயர் டொலர் பிராண்ட். ஜாஸ் என்பது அமெரிக்காவில் கறுப்பு மக்கள் மத்தியில் பிறந்த இசை. ஒரு மெட்டை எடுத்து, ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது அந்த இடத்திலேயே தன் மனதில் தோன்றியபடி விரித்து வாசிப்பார்கள். மடுவத்தில் நாலு பேர் கூடி, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் கதையைத் தொடர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் படித்த ட்ரஃபல்கர் பாடசாலை இருந்த பகுதிக்கு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று பெயர். ஆறாம் வட்டாரம். 1867இல் நகரசபை வைத்த வெறும் இலக்கப் பெயர். ஆனால் அந்த இலக்கத்துக்குள் ஓர் உலகம் இருந்தது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்டவர்களின் பிள்ளைகள், மலாய் முஸ்லிம்கள், இந்தியாவிலிருந்து வந்த கடைக்காரர்கள், யூதர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் எல்லோரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தார்கள். ஹனோவர் வீதி என்று ஒரு பெரிய கடைத்தெரு. தையல்காரர், முடி வெட்டுகிறவர், மீன் விற்கிறவர், படமாளிகைகள். பாங்கு ஒரு பக்கம், தேவாலய மணி இன்னொரு பக்கம். புது வருடம் பிறந்தால் ஜனவரி 2ஆம் திகதி தெரு நிறையப் பாட்டும் மேளமும். அந்த நாளில்தான் அந்தக் காலத்து அடிமைகளுக்கு எசமான்கள் லீவு கொடுத்தார்கள். அந்த நினைவை அந்த மக்கள் விடவில்லை.

இதை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அங்கே வறுமை இருந்தது. ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், சில இடத்தில் இரண்டு. வாடகை மட்டும் வாங்கிக்கொண்டு கூரை ஒழுக்கைத் திருத்தாத வீட்டுச் சொந்தக்காரர்கள். சண்டியர் கூட்டங்கள். அரசாங்கம் அதைச் ‘சேரி’ என்றது. சேரியைத் திருத்தப் போகிறோம் என்று சொல்லித்தான் கையை வைத்தார்கள்.

1966 பெப்ரவரி 11ஆம் திகதி, இந்தப் பகுதி இனி வெள்ளையருக்கு மட்டும் என்று நிறவெறி அரசு அறிவித்தது. 1950இல் கொண்டுவந்த ஒரு சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. எந்த இனம் எந்த வீதியில் வாழலாம் என்று வரைபடத்தில் கோடு கீறும் சட்டம். அதன் பிறகு பதினைந்து வருட காலத்துக்குள் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். புல்டோசர் வந்து வீடுகளை ஒவ்வொரு வீதியாக இடித்தது. வணக்கத்தலங்களை இடிக்காமல் விட்டார்கள். வெட்ட வெளியில் பள்ளிவாசல் தனியாக நின்றது. தூரத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் பழைய ஜமாஅத்தை விடாமல் அங்கேயே தொழ வந்தார்கள்.

எங்கே அனுப்பினார்கள்? நகரத்துக்கு வெளியே, காற்றடித்தால் மண் பறக்கும் மணல்வெளிக்கு. அங்கே வரிசை வரிசையாக ஒரே அச்சில் கட்டிய வீடுகள். வேலைக்குப் போக நெடுந்தூரம். பழைய அயலவர் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அப்படி உருவாக்கப்பட்ட குடியேற்றங்களில் ஒன்றுதான் மனன்பேர்க்.

இப்போது அந்த மெட்டுக்கு வருகிறோம்.

1960இல் ஷார்ப்வில் என்ற ஊரில் ஆர்ப்பாட்டம் செய்த மக்களைப் பொலிஸார் சுட்டுக் கொன்ற பிறகு, கறுப்பு, வெள்ளை எல்லோரும் ஒன்றாகக் கூடி ஜாஸ் கேட்கும் இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1962இல் டொலர் பிராண்ட் நாட்டை விட்டுச் சுவிட்சர்லாந்துக்குப் போனார். சூரிச் நகரில் ஒரு சின்ன இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய துணைவியாக வரவிருந்த பாடகி சதீமா பீ பெஞ்சமின் போய் அழைத்ததால் அமெரிக்காவின் பெரிய இசை மேதை டியூக் எலிங்டன் வந்து கேட்டார். எலிங்டனின் உதவியில் இசைத்தட்டு வெளிவந்தது. நியூயோர்க் கதவு திறந்தது. 1968இல் கேப் டவுனுக்குத் திரும்பி வந்திருந்த காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் இப்ராஹிம் ஆனார்.

1974 ஜூன் மாதம். அவர் கேப் டவுனில் இருந்தார். ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு பழைய நிமிர்ந்த பியானோ. அதன் சுத்தியல்களில் ட்ரோயிங் பின் குத்தப்பட்டிருந்தது. அதனால் சத்தம் கொஞ்சம் தகரத்தில் தட்டியது போல இருக்கும். கலியாண வீட்டில், மூலைக் கடையில் கேட்கும் சத்தம். அதில் உட்கார்ந்து இந்த மெட்டைத் தொடங்கினார். கூட வாசித்தவர்களில் ஒருவர் பசில் கூட்சியா. அவர் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பிறந்தவர். அன்று அவர் ஊதிய சக்சபோனுக்குப் பிறகு ‘மனன்பேர்க்’ என்ற ஊர்ப் பெயரே அவருடைய பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. இன்னொரு சக்சபோன் ரொபி ஜான்சன். அந்தத் தட்டை வெளியிட்டவர் ஜோஹன்னஸ்பர்க்கில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ரஷீட் வாலி. அவருடைய நிறுவனத்துக்கு அஷ் ஷம்ஸ், சூரியன் என்று பெயர். தட்டின் அட்டையில் பெரிய மனிதர் யாருடைய படமும் இல்லை. அந்தப் பக்கத்துச் சாதாரண வயதான பெண் ஒருவரின் படம்.

அந்த மெட்டுக்குள் என்ன இருக்கிறது? இசை தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். பாட்டியின் தேவாலயத்துக் கீதம் இருக்கிறது. கறுப்புத் தொழிலாளர் குடியிருப்புகளில் இரவில் வாசித்த மராபி என்ற நடன மெட்டு இருக்கிறது. ஜனவரி 2ஆம் திகதித் தெரு ஊர்வலத்தின் கூமா மேள அடி இருக்கிறது. அமெரிக்க ஜாஸ் இருக்கிறது. சட்டம் கோடு போட்டுப் பிரித்த மக்களெல்லாம் அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்குள் ஒரே வீதியில் நடக்கிறார்கள். வார்த்தை என்று பார்த்தால், இடையில் அவர் அந்த ஊர்ப் பேச்சு வழக்கில் மனன்பேர்க் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மட்டும்தான்.

ஒரு சொல்லும் இல்லாத இசை எப்படிக் கதை சொல்லும் என்று கேட்கலாம். எங்களுக்கும் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் பக்கத்தில் நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப பக்கீர் பாவா றபான் தட்டிக்கொண்டு வருவார். அந்தத் தட்டு கேட்டால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இருட்டு, உம்மா அடுப்பு மூட்டும் சத்தம், பக்கத்து வீட்டு லைட். ஒரு சொல்லும் தேவையில்லை. ஊரில் வாழ்ந்தவனுக்கு ஊரின் சத்தமே கதை. வெளியாளுக்கு அந்தக் கதை புரிய, யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். அப்துல்லாஹ் இப்ராஹிம் அதையும் செய்தார். 1987இல் அவரைப் பற்றி வந்த ஓர் ஆவணப்படத்தில் வாசிப்புக்கு இடையில் அவர் வாயாலேயே தன் ஊர்க் கதைகளைச் சொல்கிறார். மேடையில் தனியாக வாசிக்கும்போது ஒரு மெட்டை முடித்துக் கைதட்டலுக்கு நிற்காமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கி, ஒரு மணித்தியாலமும் தொடர்வார். மெட்டுகளின் பெயர்களைப் பாருங்கள். ‘மலை’, ‘கலியாணம்’, ‘ஆபிரிக்கச் சந்தை’. ஒரு பிள்ளை தன் ஊரைப் பற்றி எழுதும் கட்டுரையின் உபதலைப்புகள் மாதிரி இருக்கின்றன.

எங்களை உட்கார வைத்த விடயம் இனித்தான்.

1974இல் எல்லோரும் அழுதுகொண்டிருந்தது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்காக. இடிந்த வீட்டுக்காக, போன வீதிக்காக. அந்த அழுகை நியாயமானது. அவர் விரும்பியிருந்தால் தட்டுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கலாம். அவர் வைத்தது மக்கள் தூக்கி எறியப்பட்ட இடத்தின் பெயரை. யாரும் சொல்ல விரும்பாத, விலாசம் கேட்டால் விழுங்கிக்கொள்கிற அந்த மணல்வெளிக் குடியேற்றத்தின் பெயரை. அதுவும் ஒப்பாரி மெட்டில் வைக்கவில்லை. ஆடத் தோன்றும் மெட்டில் வைத்தார்.

அந்தப் பெயருக்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1976இல் சொவெட்டோவில் மாணவர்கள் சுடப்பட்ட பிறகு அவர் மீண்டும் நாட்டை விட்டுப் போனார். மெட்டு போகவில்லை. 1980களில் நிறவெறிக்கு எதிரான கூட்டங்களில் கூட்சியாவும் ஜான்சனும் அதை வாசித்தார்கள், சனங்கள் அதைத் தங்கள் தேசிய கீதம் போல எடுத்துக்கொண்டார்கள். 1990இல் அவர் நாடு திரும்பினார். 1994இல் மண்டேலா ஜனாதிபதியாகப் பதவியேற்ற விழாவில் வாசித்தார். ஒரு காலத்தில் விலாசம் சொல்ல வெட்கப்பட்ட பிள்ளைகளின் இடப்பெயர், உலகம் முழுவதும் மேடைகளில் அறிவிக்கப்படும் பெயராகிவிட்டது.

இதை நாங்கள் மிகைப்படுத்தவில்லை. மெட்டு மனன்பேர்க்கைக் காப்பாற்றிவிடவில்லை. இன்றும் அந்தப் பகுதி என்றால் துப்பாக்கிக் கும்பல்களின் செய்தியே அதிகம் வருகிறது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்கு முதல் ஆட்கள் திரும்பியது 2004இல். வட்டாரத்தைப் பறித்த அதே பெப்ரவரி 11ஆம் திகதி, 38 வருடத்துக்குப் பிறகு, எண்பது வயது தாண்டிய இரண்டு முதியவர்களுக்கு மண்டேலா வீட்டுச் சாவி கொடுத்தார். மற்றவர்கள் இன்னும் எத்தனையோ வருடம் காத்திருந்தார்கள். பலர் காத்திருந்தே மௌத்தானார்கள். இசை வீடு கட்டித் தராது. கட்டுரையும் கட்டித் தராது. ஆனால் வீடு கேட்டு நிற்பதற்கு, ‘இது என்னுடைய இடம்’ என்று சொல்லத் தெரிந்த வாய் வேண்டும். அந்த வாயைத்தான் அவர் திறந்துவிட்டார்.

இந்த மனிதரின் கதையில் நமது நாட்டோடு ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. கேப் டவுன் முஸ்லிம்களின் வரலாற்றில் முதல் பெரிய பெயர் ஷெய்க் யூசுப். இந்தோனேசியாவின் மக்காசர் பகுதியைச் சேர்ந்த அறிஞர். ஒல்லாந்தர் அவரைப் பிடித்து 1684இல் முதலில் நாடு கடத்தியது இலங்கைக்கு. இங்கே பத்து வருடம் இருந்தார், கிதாபுகள் எழுதினார். இங்கிருந்தும் அவருடைய செல்வாக்கு ஊருக்குப் போகிறது என்று பயந்து, 1694இல் கேப்புக்கு அனுப்பினார்கள். நகரத்திலிருந்து தள்ளி ஒரு பண்ணையில் வைத்தார்கள். அந்த இடத்துக்கு இன்று மக்காசர் என்றே பெயர். தான் பறிகொடுத்த ஊரின் பெயர் தன்னைத் தள்ளிவிட்ட மண்ணில் ஒட்டிக்கொண்டது. ராத்திபு அங்கும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது. நம் மூத்தவர்கள் தமிழை அறபு எழுத்தில் எழுதிய மாதிரி, அவர்கள் ஆப்ரிகான்ஸ் மொழியை அறபு எழுத்தில் எழுதினார்கள்.

அடுத்த நூற்றாண்டில் இன்னோர் ஆலிமைக் கொண்டுவந்து ரொபன் தீவில் அடைத்தார்கள். பிற்காலத்தில் மண்டேலாவை அடைத்த அதே தீவு. அந்த ஆலிமின் பெயர் அப்துல்லாஹ், ஊர் தீதோர். சனங்கள் அவரைத் துவான் குரு என்றார்கள். பெயரிலேயே ஆசிரியர் இருக்கிறார். சிறையில் மனனத்திலிருந்தே குர்ஆனை எழுதினார். வெளியே வந்ததும் 1793இல் டோர்ப் வீதியில் ஒரு மத்ரஸா தொடங்கினார். அடிமைகளின் பிள்ளைகளும் அங்கே வந்து படித்தார்கள். 1985இல் அப்துல்லாஹ் இப்ராஹிம் ஒலிப்பதிவு செய்த ஓர் இசைத்தட்டில் ஒரு மெட்டுக்கு அந்தத் துவான் குருவின் பெயர்தான். மண்டேலா சிறையில் இருந்த காலம் அது. அதே தட்டில் மண்டேலா பெயரிலும் ஒரு மெட்டு இருக்கிறது, மனன்பேர்க்கும் மறுபடி வருகிறது. ஒரு சிறைக்கைதி, ஒரு குடியேற்றம், ஒரு வாத்தியார். மூன்றும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த ஆசிரியர் தின விழாவிலும் யாரும் தந்ததில்லை.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தோம். வகுப்புக்கு வந்த பிறகு நாங்கள் செய்தது நேர்மாறு. பிள்ளைக்குத் தெரிந்த ஒழுங்கையைத் தாண்டி, தெரியாத மலைக்கும் ஆற்றுக்கும் நேரே கூட்டிக்கொண்டு போனோம். மலை எழுதிய பிள்ளைக்கு 12 புள்ளி கொடுத்தோம். மீன் வாடை எழுதிய பிள்ளைக்கு ‘சொல்நயம் போதாது’ என்று சிவப்பில் எழுதினோம். இதைச் செய்தது பாடத்திட்டம் என்று கையைக் கழுவ முடியாது. செய்தது நாங்கள். அந்த மகனின் வெறுங்கொப்பிக்கு நாங்களும் பொறுப்பு.

இதைச் சொன்னபோது சக ஆசிரியர்கள் மூன்று விதமாக மறுத்தார்கள். மூன்றுக்கும் பதில் சொல்ல விரும்புகிறோம்.

ஒன்று, பழசைக் கிளறினால் வெறுப்பு வளரும், பிள்ளைகள் நிம்மதியாக இருக்கட்டும் என்பது. இந்தப் பயத்தை நாங்கள் மதிக்கிறோம், முப்பது வருடத்துக்கு மேல் நாம் பட்டது போதும். ஆனால் மனன்பேர்க்கை ஒருமுறை கேட்டவர் யாரும் அதில் வெறுப்பைக் கேட்கமாட்டார்கள். கேப் டவுனில் 1994இல் ஒரு பழைய தேவாலயத்துக்குள் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நூதனசாலையைத் திறந்தார்கள். தரையில் வட்டாரத்தின் பெரிய வரைபடம். பழைய ஆட்கள் வந்து குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதுவார்கள். மேலே பழைய வீதிப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அந்தப் பலகைகளை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தவர், வட்டாரத்தை இடிக்கும் வேலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர். இதை நாங்கள் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தோம். இடிக்கிற வேலையில் இருந்தவனும் பெயர்ப்பலகையை எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். கதையை விவரத்தோடு சொன்னால் எதிர்ப்பக்கத்தில் நின்றவனுக்கும் அதில் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. விவரம் இல்லாத கதையில்தான் வெறுப்பு குடியேறும். ‘அவங்க எங்கள விரட்டினாங்க’ என்ற ஒரு வரி மட்டும் தெரிந்த பிள்ளையை நினைத்துத்தான் நாங்கள் பயப்படுகிறோம். அந்த வீதியில் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அழுத கதையும் தெரிந்த பிள்ளையை நினைத்து அல்ல. எங்களில் ஒருவருடைய உம்மா அந்தக் கதையைச் சொல்லித்தான் வளர்த்தார்.

இரண்டாவது, நாம் இப்போது இருப்பது இங்கே, பிறகு ஏன் சோனகத் தெருவைப் பற்றி என்பது. இதற்குத்தான் அந்த மெட்டின் பெயரே பதில். நாங்கள் கேட்பது சோனகத் தெருவை மட்டும் எழுதச் சொல்லி அல்ல. இந்த ஒழுங்கையையும் எழுதட்டும். கிடுகுக் கொட்டில் இருந்த இடத்தில் யார் முதல் கல் வீடு கட்டினார், முதல் கிணறு யார் தோண்டினார், உப்புத் தண்ணீர் எத்தனை அடியில் வந்தது, முதல் ஜனாஸாவை எங்கே அடக்கினார்கள், நம்மை ஏற்றுக்கொண்ட ஊர்க்காரர் யார் வீட்டிலிருந்து முதல் நாள் சோறு வந்தது. இந்த ஊருக்கு நாம் பட்ட கடனும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு ஊர் இருக்கிறது. இரண்டையும் சொல்ல வெட்கப்பட வைத்தது நாம்தான்.

மூன்றாவது, நேரம் இல்லை, சாதாரண தரப் பெறுபேறு குறைந்தால் அதிபர் கேட்பார் என்பது. நியாயமான பயம். ஆனால் நாங்கள் கேட்பது புதிய பாடம் அல்ல. ‘எனது ஊர்’ கட்டுரை ஏற்கெனவே எல்லாத் தரத்திலும் இருக்கிறது. அதைப் பிள்ளையின் ஊரைப் பற்றி எழுதவிட்டால் போதும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். அந்தக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தோம். புள்ளி போடவில்லை. மூன்று கேள்வி கொடுத்து, வீட்டில் வயதான ஒருவரிடம் கேட்டு வரச் சொன்னோம். உங்கள் ஒழுங்கைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? ஸுபஹுக்கு முன்னால் உங்கள் வீட்டில் என்ன சத்தம் கேட்கும்? உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத, மூத்தவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இடம் எது?

வந்த கொப்பிகள் எல்லாம் பிரமாதம் என்று சொல்லமாட்டோம். சில பிள்ளைகள் மறுபடியும் மலையைத்தான் எழுதினார்கள். எழுத்துப்பிழை தாராளம். ஆனால் ஒரு மகள் எழுதியிருந்தாள், அவளுடைய மூத்தம்மா காலையில் மீன்கார சைக்கிள் ஹோனை வைத்தே இன்றைக்கு என்ன மீன் என்று சொல்லிவிடுவாராம். இன்னொரு பிள்ளை எழுதியிருந்தது, தங்கள் ஒழுங்கைக்குப் பெயர் வந்தது நெடுநாள் அங்கே நின்ற ஒரு தண்ணீர் பௌசரால் என்று. பௌசர் போய் இருபது வருடமாகிறது, பெயர் நிற்கிறது.

வெறுங்கொப்பி கொடுத்த மகன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அவனுடைய வாப்பப்பா வரும்போது கையில் கொண்டுவந்தது தையல் மெஷினின் தலை மட்டுமாம். கீழே இருக்கும் கால் மிதிப் பகுதியைத் தூக்க முடியவில்லை. இங்கே வந்து பழைய மரப் பெட்டி ஒன்றில் அதைப் பூட்டிக் கையால் சுற்றித் தைத்தாராம். கேம்ப்பில் முதல் பெருநாளுக்கு அந்த வரிசையில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டை. கட்டுரையின் கடைசி வரியில் அவன் தன் ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதியிருந்தான். நாங்கள் கேட்கவில்லை, அவனாகவே எழுதியது.

அந்த வாப்பப்பா போன மாதம் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவுக்குப் போயிருந்தோம். தையல் மெஷின் கதை அங்கே வந்திருந்த பலருக்குத் தெரியாது. பேரன் கொப்பியில் எழுதியதால் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

1990இல் முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பதாக இருந்தவர்கள் எழுபத்தைந்தில் நிற்கிறார்கள். நம்மிடம் ஓர் அப்துல்லாஹ் இப்ராஹிம் வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் வந்தால் அவர் கையில் கொடுக்க நம்மிடம் கதை இருக்க வேண்டும். வராவிட்டாலும் நம் பிள்ளைகளுக்கு அது இருக்க வேண்டும்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் ‘எனது ஊர்’ கொடுக்கும்போது மலையை எழுதிய கட்டுரைக்குப் புள்ளியைக் குறையுங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இன்று மஃரிபுக்குப் பிறகு கைபேசியை வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உங்கள் பிள்ளையை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்க விடுங்கள். ஒரு கேள்வி போதும்.

பிள்ளைகளிடம் ஒரே ஒரு விடயம். பஸ்ஸில் உங்கள் ஹோல்டிலேயே இறங்குங்கள்.